பாவ்பெய்: ஒரு சீனக் கொஞ்சல் சொல்லும் நம் வீட்டுச் சோழியும்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். சோழர் வெளியிட்ட நாணயம்தான் சோழி, பணம் என்றால் என்ன என்பதைச் சீனாக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்ததே சோழர்கள்தான், அதனால்தான் சீனமொழியில் இன்றைக்கும் புதையலுக்குச் சோழி என்று பெயர், தமிழனாக இருந்தால் பகிரவும் என்று போட்டிருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், நெருப்புப் படங்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது ஷாங்காயில் வேலை பார்க்கிறான். அவன் மட்டும் தனியாகக் கூப்பிட்டான். "டீச்சர், இது முழுக்கப் பொய்னும் சொல்ல முடியல. இங்க பக்கத்து வீட்டுப் பாட்டி எம்பொண்ண பாவ்பெய், பாவ்பெய்னுதான் கொஞ்சுறாங்க. அந்த எழுத்துல சோழி இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்களே, நெசமா?" என்றான். 

நெசம்தான். அந்த எழுத்தில் சோழி இருக்கிறது. ஆனால் அதை அங்கே வைத்தது சோழர்கள் இல்லை. முழுப்பொய்யைச் சுலபமாகத் தூக்கிப் போட்டுவிடலாம். பாதி உண்மை கலந்த பொய்தான் பேரப்பிள்ளைகளின் பாடக்கட்டுரை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பாவ் என்றால் அரிய பொருள், பொக்கிஷம். பெய் என்றால் சோழி. இரண்டும் சேர்ந்தால் பாவ்பெய். பழங்காலத்தில் அதற்கு அருமையான சோழி, அருமையான பொருள் என்றே பொருள். இன்றைக்கு அம்மா பிள்ளையை அப்படிக் கூப்பிடுகிறாள், காதலன் காதலியைக் கூப்பிடுகிறான். தாத்தா பூட்டிவைத்திருக்கும் பழைய கடிகாரமும் பாவ்பெய்தான். 2003ல் தொடங்கிய தாவோபாவ் என்ற இணையக்கடையின் பெயருக்கே பொக்கிஷத்தை அரித்தெடுப்பது என்று பொருள். நம்மூரில் பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுப்பார்களே, அந்த மாதிரி. அதில் விற்கிற செருப்பு, சீப்பு, கைபேசி உறை எல்லாவற்றுக்கும் பாவ்பெய் என்றே பெயர். கேலிக்கும் இதே சொல் உதவும். ஊருக்கு உதவாத ஒருவனைக் காட்டி, இவன் ஒரு பாவ்பெய் என்பார்கள். நாம் "பெரிய சொத்தப் பெத்து வச்சிருக்கா" என்கிறோமே, அதேதான். சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கும் ஆளுக்கு உயிருள்ள பொக்கிஷம் என்று பெயர்.

ஆங்கில 'பேபி'யைப் பார்த்து வந்த சொல் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஒலி ஒத்துப்போவதைத் தவிர வேறு உறவு கிடையாது. பேபி என்ற சொல் சீனாவுக்குப் போவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே பாவ்பெய் அங்கே இருந்தது.

வடக்கே பேச்சுவழக்கில் ஷீஹான் என்று இன்னொரு சொல் உண்டு. அரிதாகக் கிடைப்பது என்பது அதன் முதல் பொருள். சீனாவின் வடகிழக்குப் பகுதியில் அதையே வினைச்சொல்லாக்கி, உன்னை எனக்கு ஷீஹான் என்றால் உன்மேல் எனக்கு ஆசை என்று பொருள். அரிதாகக் கிடைப்பதும் ஆசைப்படுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அதே வடகிழக்கில் முப்பெரும் பாவ் என்று ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. ஜின்செங் வேர், மார்ட்டன் என்ற சிறு விலங்கின் மென்மயிர்த் தோல், மூன்றாவதாக ஊலா என்ற ஒரு புல். ஆமாம், வெறும் புல்தான். அடித்து மென்மையாக்கித் தோல் செருப்புக்குள் திணித்துக்கொண்டால் பனியில் கால்விரல் மரத்துப்போகாது. மற்ற இரண்டும் பணக்காரருக்கு, புல் ஏழைக்கு. பட்டியலில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் இது.

சரி, எழுத்துக்கு வருவோம். சீன எழுத்து நம்முடையதைப் போல ஒலியைப் பிரித்து எழுதுவது அல்ல, படத்திலிருந்து வளர்ந்தது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெய் என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவத்தைப் பார்த்தால் சோழியைக் கவிழ்த்துப்போட்டு, நடுவில் பிளந்த வாயோடு வரைந்த படம் என்பது நன்றாகத் தெரியும். ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டுக் கீறி வைத்தார்களே ஷாங் அரச காலத்து மக்கள், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பு, அவர்கள் எழுதிய எழுத்து அது.

பாவ் என்ற எழுத்தின் பழைய வடிவத்தில் மேலே ஒரு கூரை, அதன் கீழே பச்சைமணிக்கல், அதோடு ஒரு சோழி. வீட்டுக்குள் கல்லும் சோழியும் இருந்தால் அது பொக்கிஷம். பிற்பாடு ஒரு சட்டியின் படத்தையும் சேர்த்துக்கொண்டார்கள், ஒலியைக் காட்டுவதற்காக. 1956ல் சீன அரசு எழுத்துகளைச் சுருக்கியபோது சட்டியும் போயிற்று, சோழியும் போயிற்று. கூரையும் கல்லும் மட்டும் மிச்சம். அதனால் இன்று சீனாவில் பாவ்பெய் என்று எழுதும்போது முதல் எழுத்தில் சோழி கிடையாது, இரண்டாவதில் உண்டு. தைவானிலும் ஹாங்காங்கிலும் இரண்டிலும் இருக்கிறது.

கடைத்தெருச் சொற்கள் முழுக்க இந்தச் சோழிதான். சரக்கு, சொத்து, செலவு, விலை அதிகம், விலை மலிவு, பரிசு, நஷ்ட ஈடு, திருடன் என்று எதை எடுத்தாலும் எழுத்துக்குள் எங்காவது ஒரு சோழி உட்கார்ந்திருக்கும். வாங்குவதும் மாய், விற்பதும் மாய், குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. வாங்குவதற்கான பழைய எழுத்தில் சோழிக்குமேல் ஒரு வலை. அதன் தலையில் இன்னொரு உறுப்பைச் சேர்த்தால் விற்பது. சோழிக்குமேல் 'பங்கு பிரி' என்ற எழுத்தை வைத்தால் ஏழ்மை. அந்த மேல்பகுதியைக் கொஞ்சம் மாற்றினால் பேராசை. இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். நான் அங்கே ஆசிரியையாக இருந்திருந்தால் இந்த இரண்டையும் குழப்பி எழுதும் பிள்ளைகளுக்காகவே தினமும் சிவப்பு மை வாங்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது ஒரு கல்லறைக்குப் போவோம். ஹெனான் மாநிலத்தில் அன்யாங் என்ற ஊர், ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகர் இருந்த இடம். அங்கே 1976ல் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் ஒரு கல்லறையைத் தோண்டினார். சுற்றியிருந்த அரச கல்லறைகளையெல்லாம் திருடர்கள் எப்போதோ காலி செய்துவிட்டார்கள். இது மட்டும் கைபடாமல் இருந்தது. உள்ளே இருந்தவர் ஃபூ ஹாவ், ஊ டிங் என்ற அரசரின் மனைவிகளில் ஒருவர். வெண்கலப் பொருட்கள் 460க்கு மேல், பச்சைமணிக்கல் பொருட்கள் 700க்கு மேல், அவற்றோடு ஏறக்குறைய 7,000 சோழிகள்.

அன்யாங் கடலோர ஊர் இல்லை, உள்நாடு. வடசீனக் குளிர்ந்த கடலில் இந்தச் சோழி வளரவும் வளராது, அதற்கு வெதுவெதுப்பான பவளக்கடல் வேண்டும். தென்சீனக் கடலிலிருந்து வந்ததா, இந்தியப் பெருங்கடலிலிருந்து கைமாறிக் கைமாறி வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த வழியாக இருந்தாலும் மிகத் தூரத்துப் பொருள். அதனால்தான் மதிப்பு.

ஃபூ ஹாவ் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் என்னால் போக முடியாது. அந்த அம்மையார் 13,000 பேர் கொண்ட படையை நடத்தியவர் என்று எலும்பு எழுத்துகள் சொல்கின்றன. அவருக்குப் பிரசவ நேரம் வந்தபோது, நல்லபடி ஆகுமா என்று அரசர் குறி கேட்டிருக்கிறார். அதையும் எலும்பில் எழுதி வைத்திருக்கிறார்கள், முடிவையும் எழுதியிருக்கிறார்கள். நல்லதாக அமையவில்லை, பெண் பிறந்தது என்று. படைத்தலைவியாக இருந்த தாய்க்குப் பிறந்தாலும் பெண்பிள்ளை என்றால் 'நல்லதில்லை'. அதே நாட்டில் பிற்காலத்தில் செல்ல மகளை உள்ளங்கை முத்து என்று சொல்லும் வழக்கமும் வந்தது. நம்மிடமும் இரண்டும் உண்டு. முத்து, மணி, தங்கம், செல்வி என்று பெயர் வைத்துவிட்டு எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தச் சொன்ன வீடுகளுக்கு நான் எத்தனை தடவை நடந்திருக்கிறேன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ஷாங் அரசுக்குப் பின் வந்தவர்கள் ஜோ அரசர்கள். அவர்கள் காலத்து வெண்கலப் பாத்திரம் ஒன்று 1963ல் ஷான்ஷி மாநிலத்தின் பாவ்ஜி ஊரில் கிடைத்தது. (பாவ்ஜி என்றால் பொக்கிஷச் சேவல். ஊர்ப்பெயரிலேயே பாவ்!) அது எங்கெங்கோ போய் 1965ல் பழைய இரும்புக்கடைச் சாமானோடு கிடந்ததை அருங்காட்சியகத்தார் பார்த்து மீட்டார்கள். 1975ல்தான் மா செங்யுவான் என்ற அறிஞர், பாத்திரத்தின் உள்ளே அடிப்பகுதியில் 122 எழுத்துகள் இருப்பதைக் கண்டார். சீனர்கள் தங்கள் நாட்டை ஜுங்குவோ, அதாவது நடுநாடு, என்கிறார்களே, அந்தச் சொல் எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப்பழைய இடம் அதுதான். அந்தப் பாத்திரம் எதற்காக வார்க்கப்பட்டது? ஹோ என்ற பிரபுவுக்கு அரசர் சோழி கொடுத்தார், 30 பெங் சோழி. அந்தப் பெருமையைப் பதிந்துவைக்கத்தான் பாத்திரம். பெங் என்றால் கயிற்றில் கோத்த சோழிச் சரம். ஒரு பெங்குக்குப் பத்துச் சோழி என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. அப்படியானால் மொத்தம் 300 சோழி. அதற்கு ஒரு வெண்கலப் பாத்திரம்! பெங் என்ற அந்த எழுத்துதான் இன்றைக்கு நண்பன் என்ற சொல்லில் இருக்கிறது.

இதெல்லாம் பணமா, வெகுமதியா? பள்ளிப்புத்தகங்கள் சீனாவின் முதல் பணம் சோழி என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆராய்ந்தவர்களில் பலர் அதை ஒப்புவதில்லை. அரசர் கொடுத்ததாகவும் இறந்தவரோடு புதைத்ததாகவும்தான் மிகுதியான சான்று. சந்தையில் காய்கறிக்கு எண்ணிக்கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று மெலிவு. என் எண்ணமும் அதுதான். நம் வீட்டில் தங்கம் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் யாரும் மளிகைக்கடையில் நீட்டுவதில்லையே. ஆனால் மதிப்பு என்றாலே சோழி என்பது மக்கள் மனதில் பதிந்துவிட்டது. சோழி கிடைக்காத இடத்தில் எலும்பில் செய்தார்கள், கல்லில் செய்தார்கள், வெண்கலத்தில் வார்த்தார்கள். தெற்கே சூ நாட்டில் சோழி வடிவச் சிறு வெண்கலக் காசுகள் ஏராளமாகப் புழங்கின. கி.மு. 221ல் சின் பேரரசர் நாட்டை ஒன்றாக்கியபோது வட்டக் காசு, நடுவில் சதுர ஓட்டை என்று ஒரே அளவாக்கினார். சோழியின் கதை வடக்கே அத்தோடு முடிந்தது. இடையில் கி.பி. 10 வாக்கில் வாங் மாங் என்ற ஒருவர் அரியணையைப் பிடித்துக்கொண்டு, பழைய பொற்காலம் திரும்ப வேண்டும் என்று ஆமை ஓட்டையும் சோழியையும் மறுபடி பணமாக்கினார். மொத்தம் 28 வகைப் பணம்! எதற்கு எது ஈடு என்று தெரியாமல் மக்கள் திண்டாடினார்கள், திட்டம் விழுந்தது.

சோழி போன பிறகும் சொல் போகவில்லை. கி.பி. 621ல் தாங் அரசு வெளியிட்ட காசில் 'புழங்கும் பொக்கிஷம்' என்று பொறித்தார்கள், துங்பாவ். அதிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னராட்சி ஒழியும்வரை காசின் பெயர் பாவ் என்றே முடியும். இங்கேதான் தஞ்சாவூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரவேண்டும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் சோங் அரச காலத்தவை. இராசராசன் காலத்தில் கிளம்பிய சோழத் தூதர்கள் முத்துகளோடு 1015ல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1033ல் இராசேந்திரன் காலத்தில் ஒரு குழு. 1077ல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 72 பேர் போய், 81,800 சரம் செப்புக்காசு பெற்றார்கள் என்று சீன ஆவணங்கள் குறிக்கின்றன. ஒரு சரம் பெயரளவில் 1,000 காசு. பெருக்கிப் பாருங்கள். ஆக, தஞ்சை மண்ணில் கிடைத்த அந்தக் காசுகளில் கூரை, மணிக்கல், சட்டி, சோழி நான்கும் சேர்ந்த பாவ் என்ற பழைய எழுத்து இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் இதைச் சொல்லியிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். சோழர் சீனாவுக்குப் பணம் கற்றுக்கொடுக்கவில்லை, அங்கிருந்து காசைக் கொண்டுவந்தார்கள். ஃபூ ஹாவ் கல்லறைக்கும் இராசராசனுக்கும் இடையே 2,000 ஆண்டுக்கும் மேல். பேரன் எப்படித் தாத்தாவுக்குப் பெயர் வைப்பான்? சோழி, சோழர் என்று இரண்டு சொல் காதுக்கு ஒத்திருப்பது ஒன்றே சான்று ஆகிவிடாது. சோழிக்கு நம்மிடம் பலகறை, கவடி என்றும் பெயர் உண்டு. சித்த மருத்துவர்கள் இன்றும் பலகறை பற்பம் என்றுதான் சொல்கிறார்கள்.

வடக்கே செத்துப்போன சோழி தென்மேற்கு மூலையில், யூன்னான் மலைநாட்டில், வேறொரு வாழ்வு வாழ்ந்தது. அங்கே தியான் என்ற பழைய அரசின் கல்லறைகளை 1955 முதல் தோண்டினார்கள். வெண்கலத்தில் செய்த உண்டியல்கள் கிடைத்தன, உள்ளே சோழிகள். அந்த மூடிகளைப் படத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மூடியின்மேல் விரல் அளவு வெண்கல மனிதர்கள். ஒன்றில் பெண்கள் உட்கார்ந்து தறி நெய்கிறார்கள், ஒன்றில் போர், ஒன்றில் பலி கொடுக்கும் சடங்கு. உண்டியலுக்குள் செல்வம், மூடிமேல் அந்தச் செல்வம் எப்படி வந்தது என்ற கணக்கு.

யூன்னானில் பிற்காலத்தில் சோழி அசல் பணமாகவே ஓடியது, 17ஆம் நூற்றாண்டு வரை. வரியும் சோழியில் கட்டினார்கள். எண்ணும் முறையைச் சொல்கிறேன், கணக்குப் பிடித்தவர்கள் கவனியுங்கள். 4 சோழி ஒரு 'கை'. 4 கை சேர்ந்தால் 16, அது ஒரு மியாவ். 5 மியாவ் சேர்ந்தால் 80, அது ஒரு சுவோ, அதாவது கயிறு. இப்போது வங்காளத்துக்கு வாருங்கள். அங்கே 4 சோழி ஒரு கண்டா. 20 கண்டா ஒரு பண், அதாவது 80. நம் பணம் என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் அது. இங்கும் 4, அங்கும் 4. இங்கும் 80, அங்கும் 80. நடுவில் பர்மா மலைகள். சோழி மட்டும் மலையேறிப் போகவில்லை, எண்ணுகிற முறையும் கூடவே போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்! 13ஆம் நூற்றாண்டில் அவ்வழியே போன மார்க்கோ போலோவும், இந்தச் சோழி இந்நாட்டில் விளைவதில்லை, இந்தியாவிலிருந்து வருகிறது என்றே எழுதினார். அவர் சோழிக்கு இத்தாலியில் வழங்கிய போர்செல்லானா என்ற பெயரைப் பயன்படுத்தினார். சோழி மாதிரி பளபளத்த சீனப் பீங்கானுக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் பீங்கானைப் போர்சலின் என்கிறோமே, அதற்குள்ளும் சோழிதான் ஒளிந்திருக்கிறது.

வங்காளத்துக்குச் சோழி எங்கிருந்து? மாலத்தீவு. தென்னை மட்டைகளைக் கடலில் போட்டு வைத்தால் சோழிப்பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு கரையேற்றுவார்கள் என்று பழைய அரபுப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். 1340களில் இபின் பதூதா அங்கே நீதிபதியாக இருந்தார், கல்யாணமும் செய்துகொண்டார். (பிறகு இலங்கை வழியாக நம் மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்த அதே மனிதர்தான்.) கடலில் பொறுக்கிய சோழியைக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள், சதை அழுகிப் போனபின் வெள்ளை ஓடு மிஞ்சும், அதை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்குவார்கள் என்கிறார் அவர். ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி. சில சமயம் மலிந்து 12 லட்சம்! ஜோ அரசர்கள் காலத்தில் 300 சோழிக்குப் பாத்திரம் வார்த்தார்கள். மாலத்தீவில் அழுகல் நாற்றத்தோடு குவியல் குவியலாகக் கிடந்தது.

இராசராசன் தன் கடைசிக் காலத்தில் பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகத் தன் கல்வெட்டுகளில் பொறித்தான். மாலத்தீவைத்தான் சொல்கிறான் என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு. சோழருக்கும் சோழிக்கும் உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் அங்கே தேடலாம், பெயரில் தேட வேண்டாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1371ல் யூன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். காய்கறி வாங்க, உப்பு வாங்க எல்லாவற்றுக்கும் சோழி எண்ணிய ஊர். அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது மிங் படை வந்தது. தந்தை இறந்தார். பையனைப் பிடித்துப்போய் ஆண்மை நீக்கி அரண்மனை வேலைக்கு வைத்தார்கள். அவர்தான் பிற்பாடு ஏழு கடற்பயணங்களுக்குத் தலைமை தாங்கிய ஜெங் ஹோ. இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு அவருடையது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் பாருங்கள். அவர் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவான், மாலத்தீவில் சோழியைக் குவித்து அழுகவைத்துச் சயாமுக்கும் வங்காளத்துக்கும் விற்பதை எழுதி வைத்தார்.

அடுத்து வருவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் விட்டுவிட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் மாலத்தீவுச் சோழியை இலங்கை வழியாகவும் வங்காளம் வழியாகவும் வாங்கி, கப்பலின் அடியில் பாரத்துக்குப் பாரமாகப் போட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே சோழி பணம். அந்தப் பணத்தைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். மாலத்தீவுப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கிய சோழி, யாரோ ஒரு தாயின் பாவ்பெய்க்கு விலையாக எண்ணப்பட்டது. 1807ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகும் பனை எண்ணெய் வாங்க அதே சோழி போய்க்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் வணிகர்கள் சான்சிபாரிலிருந்து இன்னொரு வகைச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொட்டினார்கள். விலைவாசி ஏறிற்று, சோழி மதிப்பிழந்தது. பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒன்றுமில்லாமல் போனார்கள். கானா நாட்டின் பணத்துக்கு இன்றைக்கும் செடி என்று பெயர். அந்நாட்டு மொழியில் சோழி என்பதிலிருந்து வந்தது. 1965ல் விடுதலை பெற்ற நாடாக அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் அது. யோசித்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இந்தியாவில் வங்காளத்தின் சில்ஹெட் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட நிலவரியைச் சோழியாகவே கட்டினார்கள். ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி. கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள்: 80 சோழி ஒரு பண், 16 பண் ஒரு காஹன், 4 காஹன் ஒரு ரூபாய். இந்த வரியையெல்லாம் படகில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்பினார் கம்பெனியின் அதிகாரி. எண்ணி முடித்தவர் பாவம். இன்று இந்தியில் 'உடைந்த கௌடிகூட இல்லை' என்றால் கையில் ஒன்றுமே இல்லை என்று பொருள். அரசர் கொடுத்ததை வெண்கலத்தில் எழுதிவைத்த பொருள், ஒரு நாட்டில் செல்லப்பெயராகி, இன்னொரு நாட்டில் ஒன்றுமில்லாததற்குப் பெயராகிவிட்டது.

ஷாங்காய்க்காரனுக்கு இதை அப்படியே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாட்டி கூப்பிடுவது உன் பெண்ணுக்கு நல்ல பெயர்தான், மறுக்காதே என்றும் சேர்த்து எழுதினேன்.

வீட்டில் பல்லாங்குழி இருப்பவர்கள், தாயக்கட்டைக்குப் பதில் சோழி உருட்டுபவர்கள், மாட்டுக் கழுத்துச் சோழிப்பட்டையைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் இன்று சாயங்காலம் அதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முதுகில் மோதிரம் போட்டதுபோல மஞ்சள் வளையம் இருந்தால் அது சான்சிபாரிலிருந்து கொட்டப்பட்ட வகை. வளையம் இல்லாமல் இளமஞ்சளாக, அகலமான பக்கத்தில் புடைப்புகளோடு கொஞ்சம் கோணலாக இருந்தால் அதுதான் மாலத்தீவிலிருந்து யூன்னான் வரை போன பணச்சோழி. அதன் அறிவியல் பெயரில் மொனேட்டா என்று வரும், லத்தீனில் பணம். லின்னேயஸ் 1758ல் வைத்த பெயர். படம் எடுத்துக் கருத்துப்பெட்டியில் போடுங்கள், எது எந்த வகை என்று சொல்கிறேன். நேற்றுத்தான் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் பதில் நாளைக் காலையில்.